ஜூன் 15-க்கு அப்புறம் ஒகேனக்கல்ல தூண்டில் போடலாமா?

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 வந்தா எங்க ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரு நியூஸ் கார்டு வந்துடும். "தமிழகத்தில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது." கீழேயே யாராவது கேட்பாங்க: "மச்சி, அப்போ ஒகேனக்கல் ப்ளான் கேன்சலா?" ரெண்டு மாசம் ராடும் ரீலும் கட்டிலுக்கு அடியில தூங்கும். ஜூன் 15 காலையில அதே ஆள் "தடை முடிஞ்சுது டோய்"னு போடுவான். அந்த ஞாயிற்றுக்கிழமையே பென்னாகரம் பஸ்ல நாலு பேர் ஏறிடுவாங்க.

சட்டத்தை மதிக்கிற பசங்கதான். பாராட்டணும். ஆனா மதிச்சது நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தடையை. அதைவிட மோசம், அது முடியுற நாள்லதான் நம்ம ஆத்து மீனுக்கு நிஜமான சினைக்காலம் ஆரம்பிக்குது.

முதல்ல அந்த 61 நாள் கணக்கைப் பார்ப்போம். அது கடலுக்கான தடை. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், 1983-இன் கீழ் வருது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் (அதாவது கன்னியாகுமரி மாவட்டத்தின் அரபிக்கடல் பக்கம்) ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. 2001-இல் தொடங்கியபோது 45 நாள்தான். 2017-இலிருந்து 61 நாள். அதுவும் எல்லாருக்கும் இல்லை. விசைப்படகு, இழுவைப்படகுகளுக்குத்தான் தடை. கட்டுமரமும் வள்ளமும் போகலாம். ராமேஸ்வரத்துல பாலத்தோரம் நின்னு தூண்டில் போடுறவரையே அந்தத் தடை தொடாது என்றால், கடலே இல்லாத தருமபுரியில நம்மை எப்படித் தொடும்?

சரி, தடை இல்லைன்னா எப்ப வேணா பிடிக்கலாம்தானே? இங்கதான் மீனோட காலண்டரைப் பார்க்கணும்.

நம்ம பக்கம் பிடிபடுற கட்லா, ரோகு, மிருகால் எல்லாமே கெண்டை இனம். (மூணுமே வட இந்திய ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விட்டவை. காவிரியின் சொந்தக் கெண்டைகள் வேறு.) இந்த மீன்கள்கிட்ட ஒரு விசித்திரம் உண்டு. தேங்கின குளத்துல வளரும், கொழுக்கும், வயித்துல சினையும் கட்டும். ஆனா முட்டை போடாது. ஒரு கிலோ ரோகு வயித்துல ரெண்டு லட்சம் முட்டைக்கு மேல இருக்கலாம். அத்தனையும் அப்படியே நிற்கும். மழை, கலங்கல் தண்ணி, நீரோட்டம், வெப்பநிலை இறங்குறது எல்லாம் சேர்ந்து வந்தாத்தான் ஹார்மோன் சுரந்து முட்டை வெளியே வரும். நம்ம பாஷையில சொன்னா, எல்லா இன்புட்டும் 1 ஆனாத்தான் அவுட்புட் வர்ற ஆண்டு கேட்.

அதனாலதான் ஒரு காலத்துல குளத்துல மீன் வளர்க்க நினைச்சவங்க வெள்ள நேரத்துல ஆத்துல போய்க் குஞ்சு சேகரிச்சாங்க. 1957 ஜூலை 10 அன்று ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, பிட்யூட்டரி சுரப்பிச் சாறை ஊசியாகப் போட்டு, குளத்துக் கெண்டையை முட்டையிட வைத்தார். இன்னிக்கு அந்தத் தேதியைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுறோம். அந்த ஊசி செய்ற வேலையை ஆத்துல செய்றது குடகு மழை.

தென்மேற்குப் பருவமழை ஜூன்ல தொடங்கும். கபினி, கே.ஆர்.எஸ். நிரம்பி, பிலிகுண்டுலு தாண்டி, ஒகேனக்கல்லுக்குச் செந்தண்ணி வர்றது பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட். பரிசலுக்கும் குளிக்கவும் தடை போடுறாங்களே, அதே நாட்கள். ஆடிப்பெருக்கு அன்னிக்குக் காவிரித் தாய்க்கு மசக்கைன்னு சித்ரான்னம் படைப்பாங்க இல்லையா? எங்க பாட்டி ஆடி 18-க்கு அதைச் சொல்லித்தான் புளிச்சாதம் கட்டுவாங்க. படிச்சுப் பார்த்தா அது அப்படியே உயிரியல். ஆறு முழுக்க அப்போ சினை மீன்.

ஆக, நம்ம குரூப் அடக்கமா இருக்குற ஏப்ரல், மே மாசம் காவிரி வத்திக் கிடக்குற காலம். குதிச்சுக் கிளம்புற ஜூன் கடைசி, ஜூலை, ஆகஸ்ட் மீன் எதிர்நீச்சல் போட்டு ஏறுற காலம். தடையை அச்சுப் பிசகாமல் தப்பான மாசத்துல கடைப்பிடிக்கிறோம்.

போன ஆடியில நடந்ததைச் சொல்லணும். ஒகேனக்கல்ல வெள்ளம்னு, மாவட்டத்துலேயே ஒரு சின்ன அணைக்குப் போனோம், மூணு பேர். நண்பன் ஆன்லைன்ல வாங்கின ரப்பர் தவளை வெச்சிருந்தான். விராலுக்கு அதுதான் லூர். கரையோரம் பாசிக்கு நடுவுல தண்ணி ஒரு இடத்துல செக்கச்செவேல்னு கொதிக்கிற மாதிரி இருந்தது. "அங்க போடு மச்சி"ன்னு காட்டினதே நான்தான். தவளை விழுந்த ரெண்டாவது செகண்ட் அடி. ஒன்றரைக் கிலோ இருக்கும். செம்ம ஃபைட். போட்டோ, ரீல்ஸ், மறுபடி போட்டோ. நாங்க நல்லவங்களாச்சே, பத்து நிமிஷம் கழிச்சுத் தண்ணியில விட்டுட்டோம்.

எருமை மேய்ச்சுட்டிருந்த பெரியவர் ஒருத்தர் பார்த்துட்டே நின்னார். "தாயப் புடிச்சிட்டீங்களே கண்ணு"ன்னார். திரும்பிப் பார்த்தா அந்தச் செவப்பு இருந்த இடத்துல ஜிலேபிக் கெண்டைங்க சளப் சளப்னு அடிச்சுட்டிருந்தது. கொஞ்ச நேரத்துல தண்ணி பச்சையா ஆயிடுச்சு.

அந்தச் செவப்புதான் விரால் குஞ்சுக் கூட்டம். விரால் முட்டை போட்டுட்டுப் போற மீன் இல்லை. பாசியை ஒதுக்கி இடம் பண்ணி, மிதக்குற முட்டையைக் காவல் காத்து, குஞ்சு பொரிஞ்ச பிறகும் வாரக்கணக்கில் கூடவே சுற்றும். குஞ்சுகள் மூச்சு வாங்க ஒண்ணா மேலே வரும்போதுதான் தண்ணி கொதிக்கிற மாதிரி தெரியும். கிட்ட எது வந்தாலும் தாய் தகப்பன் பாய்ந்து கடிக்கும். பசியில இல்லை, கோபத்துல. விரால் அந்த நேரத்துல சுலபமா மாட்டுறதுக்குக் காரணம் நம்ம திறமை கிடையாது. பிடிச்சு விட்டாலும் அந்தப் பத்து நிமிஷம் போதும். கூட்டில் காவல் நிற்கும் பாஸ் மீன்களை வெச்சு வட அமெரிக்காவுல செஞ்ச ஆய்வுகளும் இதையேதான் சொல்லுது: காவல் மீனைத் தூக்கின உடனே மற்ற மீன்கள் உள்ளே புகுந்துடும், களைச்சுப்போன காவல் மீன் சில சமயம் திரும்பியே வராது.

"பிடிச்சு விட்டுடுவோம்" என்ற நம்ம பெருமை எல்லா மாசத்துக்கும் செல்லாது.

இன்னொரு தடை இருக்கு, அதுக்கு சீசன் கிடையாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காவிரிக் காடுகளில் 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என்று ரெண்டு வனஉயிரினச் சரணாலயங்கள் அறிவிச்சிருக்காங்க. 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல 'விலங்கு' என்ற சொல்லுக்குள்ள மீன் 2002 திருத்தத்துலதான் வந்தது. வந்ததும், சரணாலயத்துக்குள்ள அனுமதி இல்லாம தூண்டில் போடுறது வேட்டைக் கணக்குல சேர்ந்துடுச்சு. வேட்டைன்னா கொல்றது மட்டும் இல்லை, பிடிப்பதும் வேட்டைதான். விட்டுட்டேன் சார்னா தப்பிக்க முடியாது. ஒகேனக்கல்லுக்கு மேலே பரிசல்ல போய் "யாருமே இல்லாத ஸ்பாட்" தேடுறவங்க முதல்ல வனச்சரக அலுவலகத்துல எல்லை எதுன்னு கேட்டுடுங்க. அணை, ஏரின்னா மீன்பிடி உரிமையைக் குத்தகைக்கு விட்டிருப்பாங்க. அந்த மீனுக்குச் சொந்தக்காரர் இருக்கார். நாங்க போன ஆடியில அதையும் கேட்கலை. வெடி போடுறதும் விஷம் கலக்குறதும் 1897 இந்திய மீன்வள சட்டத்திலிருந்தே குற்றம். அதெல்லாம் நாம செய்ற வேலை இல்லை, விடுங்க.

இந்தச் சட்டத்தால நின்னுபோன கதை ஒண்ணு நமக்குப் பக்கத்துலயே இருக்கு. ஒகேனக்கல்லுக்கு மேலே கர்நாடகப் பக்கம் பீமேஸ்வரி, காலிபோரே முகாம்கள். மஹ்சீர் பிடிக்க உலகம் முழுக்க இருந்து ஆள் வந்த இடம். பிடிப்பாங்க, எடை போடுவாங்க, விட்டுடுவாங்க, நோட்டுல எழுதுவாங்க. சட்டத்தின் புது விளக்கம் வந்து 2012 வாக்கில் எல்லாம் நின்னுபோச்சு. ஆனா அந்த நோட்டு இருந்தது. 1998 முதல் 2012 வரை பதிவான சுமார் 6,000 மீன்களை ஆய்வாளர்கள் அலசினப்போ ஒரு விஷயம் தெரிஞ்சது. மீன் எண்ணிக்கை கூடியிருக்கு. ஆனா காவிரிக்கே உரிய, முதுகு கூனின ராட்சத மஹ்சீர் கிட்டத்தட்ட காணாமப் போயிருக்கு. கூடினது வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர். 2018-இல் அந்தக் கூன்முதுகு மீனுக்கு 'டோர் ரேமாதேவி' என்ற அறிவியல் பெயர் உறுதியானது. அதே ஆண்டு அருகிவரும் உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் மிக ஆபத்தான நிலையில் சேர்த்தாங்க. பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட்டவங்க எழுதி வெச்ச கணக்கு இல்லைன்னா அது குறைஞ்சதே வெளியே தெரிஞ்சிருக்காது. முகாம்கள் மூடினதால கண்காணிப்பு போய் வெடிக்காரங்களுக்கு வசதியாச்சுன்னு ஒரு தரப்பு இன்னும் வாதாடுது. எனக்கு அதுல பாதி நியாயம் இருக்குற மாதிரி தோணுது.

தடை எழுதறது ஒரு பக்கம். தூண்டில்காரர்கள் அதை மதிக்கிறாங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? விசைப்படகைத் துறைமுகத்துல எண்ணிடலாம். பைக்குள்ள மடக்கி வெக்கிற ராடை யார் எண்ணுவா? நேரா கேட்டா ஒருத்தனும் உண்மை சொல்ல மாட்டான்.

இதுக்கு 1965-இல் ஸ்டான்லி வார்னர் என்ற புள்ளியியலாளர் ஒரு வழி சொன்னார். அதுல எளிமையான வடிவம் இது. கேள்வி: "தடையை மீறி மீன் பிடிச்சிருக்கியா?" பதில் சொல்றவர் ரகசியமா ஒரு காசு சுண்டணும். தலை விழுந்தா, உண்மை எதுவானாலும் "ஆமா"ன்னு சொல்லணும். பூ விழுந்தா உண்மையைச் சொல்லணும். இப்போ ஒருத்தன் "ஆமா"ன்னா அவன் மீறினானா, காசு சொல்ல வெச்சுதான்னு யாருக்கும் தெரியாது. ஆனா 100 பேர்ல 60 "ஆமா" வந்தா, காசால வந்தது சுமார் 50. மிச்சம் 50 பேர்ல 10 பேர் நிஜமா மீறினவங்க. அதாவது 20 சதவீதம். யாரையும் காட்டிக்கொடுக்காம மொத்தக் கணக்கு கையில. ப்ராபபிலிட்டி பேப்பர்ல அரியர் வெச்சவங்களுக்கும் இது புரியும்னு நம்புறேன்.

இதே மாதிரி சுற்றுவழிக் கேள்விகளை வெச்சு ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப்ல பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள்கிட்ட கேட்டாங்க. அங்க பருவத்தடை இல்லை, மீனே பிடிக்கக் கூடாத பகுதிகள். 2017-இல் வந்த அந்த ஆய்வுல, முந்தின ஒரு வருஷத்துல மீறினவங்க 3 முதல் 18 சதவீதம்னு தெரிஞ்சது. பெரும்பாலானவங்க மதிச்சிருக்காங்க. ஆனா மீறினவங்க மட்டும், மத்தவங்களும் நிறைய பேர் மீறுறாங்கன்னு நினைச்சிட்டிருந்தாங்க. "எல்லாரும்தான மச்சி பண்றாங்க" என்கிற நம்ம ஊர் டயலாக் அங்கேயும் ஓடுது.

இங்கிலாந்துல ஆறுகளுக்கு மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில்காரர்களுக்கென்றே தடை உண்டு. அது அங்கத்து மீன் முட்டையிடும் காலம். பக்கத்துல கேரளாவுல மழைக்கு ஏறி வர்ற மீனை மறிச்சுப் பிடிக்கிற 'ஊத்த' பிடிப்பு தண்டனைக்குரிய குற்றம். எங்கேயும் கடல் காலண்டரை ஆத்துக்கு ஒட்டலை. நம்ம மாநில அரசுக்கும் 1897 சட்டமே குறிப்பிட்ட நீர்நிலைகளில் மீன்பிடிப்பை நிறுத்தி வைக்க அதிகாரம் தருது. ஒகேனக்கல்லுக்கு ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்னு ஒரு தூண்டில் விடுமுறை கேட்டு ஒரு மனு எழுதலாம்னு எங்க குரூப்ல பேச்சு ஓடுது. மூணு வரி எழுதியிருக்கோம்.

இந்த வருஷம் ஜூன் 15 காலையிலும் "தடை முடிஞ்சுது டோய்" வந்தது. "உனக்கு இன்னிக்குத்தான்டா ஆரம்பம்"னு பதில் போட்டு, செவப்பா இருந்த அந்தத் தண்ணி போட்டோவையும் சேர்த்து அனுப்பினேன். ரெண்டு பேர் சிரிச்ச ஸ்மைலி போட்டாங்க. தவளை லூர்காரன் மட்டும் கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டான்: "அப்போ ஐப்பசில போலாமா?"