12 வோல்ட் இருந்தும் திறக்காத டிக்கி

போர்ஷே 944 போன்ற 1980-களின் ஸ்போர்ட்ஸ் கார்களில் டிக்கிக் கதவை விடுவிப்பது ஒரு சின்ன மோட்டார். கோவையில் நண்பரிடம் உள்ள அந்தக் காலத்துக் கார் ஒன்றில், பட்டனை அமுக்கினால் ரிலே 'டிக்' என்பதோடு சரி. மோட்டார் போயிருச்சுன்னு உக்கடம் கிளம்பினார். "கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

பின்சீட்டை மடக்கித் தவழ்ந்துபோனேன். மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பட்டனை அமுக்கி அளந்தால், வயரில் 12 வோல்ட். மாட்டி அளந்தால் 6! மீதி 6, மோட்டாரின் எர்த் முனைக்கும் பாடிக்கும் நடுவே. அங்கே பூஜ்யம்தான் இருக்கணும்.

மீட்டர் கரண்ட்டே இழுக்காது, அதனால் முதல் அளவு ஏமாற்றும். மோட்டார் 1 ஓம், துரு 1 ஓம் என்றால் வோல்டேஜ் பாதிப்பாதி.

எர்த் போல்ட்டைச் சுரண்டி இறுக்கினோம்; திறந்தது. லோடில் அளக்காமல் பார்ட்ஸ் மாத்தாதீங்க.