மேடை ஏறப் பழகிய பிள்ளை



வீட்டுக்கு ஒரு விருந்தாளி வருகிறார். "தம்பி, உன் பெயர் என்ன? என்ன படிக்கிறாய்?" என்று கேட்கிறார். பையன் ஓடிப்போய் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்கிறான். "கூச்ச சுபாவம்!" என்று சொல்லிச் சிரித்துவிட்டு நாமும் மறந்துவிடுகிறோம். அதே பையன் பதினெட்டு வயதில், வேலைக்கான நேர்முகத் தேர்வில் வாயடைத்து நிற்கும்போது நமக்குச் சிரிப்பு வருவதில்லை.

பேசத் தெரியாததன் விலை தோட்டத்து மக்களுக்குத் தெரியாததா? பெரட்டுக் களத்தில் நூறு பேருக்கு ஒரே குறை இருக்கும். அதை மேனேஜர் முன்னால் நின்று நான்கு வார்த்தையில் தெளிவாகச் சொல்ல ஒருவர் இருக்கமாட்டார். பேச்சு என்பது அலங்காரம் அன்று. அது ஒரு கருவி. பால்வெட்டும் கத்தியைப் போல அதையும் கையாளப் பழகத்தான் வேண்டும்.

இந்தப் பழக்கத்தைப் பள்ளிப் பருவத்திலேயே கொடுப்பது எப்படி? ஜொகூர் பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூர்த் தமிழர் செய்ததைச் சற்றுப் பார்ப்போம்.

விழாவே பள்ளிக்கூடம்

திருவாரூரில் பிறந்து 1924-ல் சிங்கப்பூர் வந்தவர் கோ. சாரங்கபாணி. 1935-ல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கிய அவர், 1952-ல் தமிழர் திருநாளை முன்னின்று நடத்தினார். அது வெறும் பொங்கல் விழாவாக நிற்கவில்லை. பேச்சு, கட்டுரை, பாட்டு, நாடகம் என்று மாணவர்களை மேடைக்கு இழுத்தது. 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதி இளையவர்களின் எழுத்துக்கு இடம் தந்தது. பெரியார் 1929-லும் 1954-லும் வந்தார். அண்ணா 1965-ல் வந்தார். அவர்கள் பேச்சைக் கேட்ட இளைஞர்கள் தாமும் பேசிப் பார்க்க ஆசைப்பட்டதில் வியப்பென்ன?

தமிழிலேயே எல்லாப் பாடங்களையும் கற்பிக்கும் உயர்நிலைப் பள்ளியும் ஒன்று இருந்தது. கடையநல்லூர் முஸ்லிம் மக்களின் முயற்சியால் 1946-ல் தஞ்சோங் பகாரில் தோன்றி, 1960-ல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியே அது. பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கவே, மாணவர் குறைந்து 1982-ல் அதன் கதவு மூடப்பட்டது. ஆனால் பெயர் அழியவில்லை. சிராங்கூன் சாலை வட்டாரத்தில், பீட்டி சாலையில் உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் நடக்கிறது. தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் அங்கே வந்து படிக்கிறார்கள்.

வீட்டில் குறைந்தது, மேடைக்கு வந்தது

இப்போது ஒரு கணக்கைக் கேளுங்கள். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியரில் 36.7 விழுக்காட்டினர் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசினர். 2020-ல் அது 27.9 ஆக இறங்கிவிட்டது. எழுதத் தெரிந்த பிள்ளைக்கும் பேச வாய் வரவில்லை. இதை முன்பே உணர்ந்து, 2005-ல் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, வகுப்பில் பேச்சுத்தமிழுக்கு அதிக இடம் தரச் சொன்னது. ஏட்டுத் தமிழ் மட்டும் போதாது, நாலு பேரோடு உரையாடும் தமிழும் வேண்டும் என்பதே கருத்து.

ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழாவில் பேச்சுப் போட்டிகளும் நாடகங்களும் நடக்கின்றன. தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் 'சங்கே முழங்கு' என்ற பெயரில் நாடகம் போடுகிறார்கள். சில உயர்நிலைப் பள்ளிகளில் நாடகத்தையே விருப்பப் பாடமாக எடுக்கலாம். 2008-ல் திறந்த கலைப் பள்ளியில் அதுவும் ஒரு முக்கியத் துறை. இவை ஆங்கிலவழி வகுப்புகள்தான். என்றாலும் மூச்சை அடக்கிப் பேசுவதும், எதிராளியின் வசனத்தைக் காதுகொடுத்துக் கேட்பதும் எந்த மொழிக்கும் பொது அல்லவா?

நாடகம் என்ன கற்றுக்கொடுக்கிறது?

பேச்சு வகுப்பு, தனியாக நிற்கும் துணிவைத் தருகிறது. நாடகம், சேர்ந்து நிற்கும் பண்பைத் தருகிறது. ராஜா வேடம் ஒருவனுக்குத்தான் கிடைக்கும். மற்றவன் சேவகனாக நிற்க வேண்டும். இன்னொருத்தி திரை இழுக்க வேண்டும். திரை இழுப்பவள் ஒரு நொடி தவறினாலும் ராஜாவின் பாடு திண்டாட்டம்! கூச்சப்படும் பிள்ளைக்கு இன்னொரு நன்மை உண்டு. தன் பெயரில் பேச அஞ்சுகிறவன், வேடத்தின் பெயரில் தயங்காமல் பேசிவிடுவான். சில ஒத்திகைக்குப் பிறகு, வேடத்தைக் கழற்றினாலும் அந்தத் துணிவு கொஞ்சம் அவனிடமே தங்கிவிடும்.

நம் வீட்டில் செய்யலாமே

இதற்குப் பெரிய அரங்கம் வேண்டியதில்லை, அம்மா! ஐயா!

• தினமும் பத்து நிமிடம் பிள்ளை செய்தித்தாளை உரக்கப் படிக்கட்டும். பழம், பள்ளம், பல் ஆகிய மூன்றிலும் நாக்கு எங்கே படுகிறது, எங்கே மடிகிறது என்று கவனியுங்கள்.

• வாரம் ஒருமுறை மூன்று நிமிடம் பேசச் சொல்லுங்கள். "எங்கள் வீட்டுச் சேவல்" என்ற தலைப்பே போதும். மனப்பாடம் வேண்டாம், மூன்று குறிப்பு எழுதிக்கொள்ளட்டும்.

• பேசும்போது குறுக்கிடாதீர்கள். முதலில் ஒரு நல்லதைச் சொல்லுங்கள். பிறகு திருத்த வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

• கோயில் திருவிழாவிலோ பள்ளி விழாவிலோ மேடை கிடைத்தால், சிறு வேடமானாலும் அனுப்பிவையுங்கள். நீங்களும் முன்வரிசையில் போய் உட்காருங்கள்.

கடைசியாக ஒன்று. "வாயாடாதே, சும்மா இரு!" என்று நாம் ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். மரியாதை இல்லாமல் பேசினால் கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் கேள்வி கேட்பதையே குற்றமாக்கினால், வீட்டில் அடங்கிய வாய் வெளியில் எப்படித் திறக்கும்?

இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் பிள்ளையைக் கூப்பிட்டு, "இன்று பள்ளியில் என்ன நடந்தது? எழுந்து நின்று சொல், கேட்கிறோம்" என்று சொல்லுங்கள். தடுமாறுவான்; சிரிக்காதீர்கள். அவன் ஏறும் முதல் மேடை அதுதான்!