'செட் ஆகும்' என்றால் எழுதி வாங்குங்கள்

திருவனந்தபுரம் கரமனையில் பக்கத்து வீட்டுப் பையன் போன மாதம் ஒரு கிராபிக்ஸ் கார்டோடு வந்து நின்றான். பத்து வருட டெஸ்க்டாப். மூடியைக் கழற்றினால் ஃபேனில் பஞ்சாகத் தூசி. கார்டில் ஆறு முள் பவர் ஒயருக்கான குழி இருந்தது. பவர் சப்ளையில் அந்த ஒயரே இல்லை. மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் கேட்கும் கார்டென்றால் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டிவரும்.

"கடையில யாரும் சொல்லலையே, மாமா."

முதலில் கார்டு தேவையா என்று பாருங்கள். மெஷின் ஆன் ஆகவே நேரமாகிறது என்றால் எஸ்எஸ்டி போதும். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால் கார்டு மாற்றி 11 ஏற்றலாம் என்பாருமுண்டு. பழைய மெஷின்களில் அதைத் தடுப்பது பெரும்பாலும் பழைய பிராசஸரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாததும்தான். கேம், வீடியோ எடிட்டிங் என்றால் கார்டு சரி.

அங்கும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் உண்டு. டிடிஆர்4 மெமரி உள்ளதன் மெமரி வேகம், ஜிடிடிஆர்5 உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பெட்டியில் பொடி எழுத்தில்தான் இருக்கும். பழைய கார்டு வாங்கினால் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். பெயர் மாற்றி விற்கும் என்விடியா போலிகள் பலவற்றை அது காட்டிக்கொடுத்துவிடும்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்ற முத்திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சிக்கல் வேறிடத்தில். கார்டு நன்றாக இருந்து உங்கள் மெஷினுக்குப் பொருந்தவில்லை என்றால், அதைக் குறை என்று வாதாடுவது கடினம். அதனால் மெஷின் மாடலைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். மெமரி வகை, சீரியல் நம்பர் இரண்டும் பில்லில் ஏறட்டும். தனியாளிடம் பில்லின்றி வாங்கினால் இந்தச் சட்டம் கைகொடுப்பது அரிது.

கடை மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம்; திருவனந்தபுரத்தில் அது வழுதக்காட்டில் இருக்கிறது. ஆன்லைனிலும் புகார் தரலாம். 5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணமில்லை. புகார் தரக் கெடு 2 ஆண்டு. ஆன்லைனில் வாங்கிய பொருளுக்கும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

பையன் போனை நீட்டினான். வாங்குமுன் மெஷினைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறான். கடையிலிருந்து ஒற்றை வரி பதில்: 'செட் ஆகும்'. மறுநாள் அதைக் காட்டினோம். தனி ஒயர் கேட்காத கார்டு ஒன்றை மாற்றிக் கொடுத்தார்கள்.