பழைய பாய்ப்படகு: பணம் கைமாறுமுன் எழுதப்பட வேண்டியவை

ஊர்காவற்றுறையிலிருந்து கடல்வழியே சென்றடையும் அனலைதீவில் படகு வாழ்க்கையின் அடிப்படைத் தேவையாக உள்ளது. எனினும் வெளியிணைப்பு இயந்திரமும் கண்ணாடியிழை வள்ளமும் பரவிய பின்னர் பாய்கட்டி ஓடும் கலங்கள் யாழ்ப்பாணத் தீவகக் கடலில் அருகிவிட்டமையால், விடுமுறை நாட்களில் கடலோடவோ கலத்திலேயே தங்கி வாழவோ பழைய பாய்ப்படகொன்றை வாங்க விரும்புபவருக்கு அதனை மதிப்பிட்டுச் சொல்லும் முதியோரின் துணை எளிதில் கிடைப்பதில்லை. இக்குறையை எழுத்தும் முறையான ஆய்வுமே ஈடுசெய்ய முடியும்.

பழைய கலம் என்பதனாலேயே அது தகுதியற்றதாகிவிடாது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு வணிகத்தில் ஈடுபட்டிருந்த அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் விலைக்கு வாங்க, அது புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்னும் புதுப்பெயருடன் 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. வடபகுதிக் கலத்தச்சரின் கைத்திறனுக்கு அப்பயணம் சான்றாகும். ஆனால் ஒரு கலம் கடல்களைக் கடந்தது என்பதற்காக, துறையில் கட்டிக் கிடக்கும் இன்னொரு பழைய கலத்தை நம்பிவிட முடியாது; ஒவ்வொன்றும் தனித்தனியே ஆராயப்பட வேண்டும்.

வாங்குபவர் பெரிதும் ஏமாறுவது சட்டம் தமக்குத் தரும் பாதுகாப்பைப் பற்றிய நம்பிக்கையில்தான். இலங்கையில் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விற்பவருக்கு அப்பொருளை விற்கும் உரிமை உண்டு என்பதை ஒப்பந்தத்தின் உட்கிடையான நிபந்தனையாக, அதாவது சொல்லப்படாவிடினும் உள்ளதாகக் கொள்ளப்படும் நிபந்தனையாக, வைக்கின்றது. பொருளின் தரத்தைப் பொறுத்தோ நிலைமை வேறு: அத்தகைய பொருள்களை விற்பதைத் தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கினால் மட்டுமே தரம் பற்றிய உட்கிடையான நிபந்தனைகள் துணைக்கு வரும்; ஒரு கடற்றொழிலாளியோ ஊர் திரும்பிய ஒருவரோ தமது சொந்தப் படகை விற்கும்போது, குறையைக் கண்டறியும் பொறுப்பு பெரும்பாலும் வாங்குபவரையே சாரும். எனவே படகின் பதிவெண், இயந்திர எண், விற்பவர் அறிந்த குறைகள், பாய்களும் நங்கூரமும் விலையில் அடங்குமா என்பது, ஆய்வில் பெரும் பழுது தெரிந்தால் முற்பணம் மீளும் என்னும் நிபந்தனை ஆகியவை பணம் கொடுக்குமுன் எழுதப்பட்டு இருவரும் ஒப்பமிட வேண்டும்.

உரிமை பற்றிய சிக்கல் தீவகத்தில் தனியே கவனிக்கத்தக்கது. தந்தை இறந்து, பிள்ளைகளில் சிலர் கனடாவிலோ ஐரோப்பாவிலோ வாழும் குடும்பத்தில், ஊரிலிருக்கும் ஒருவர் மட்டும் கையொப்பமிட்டுப் படகை விற்றால், தமக்கில்லாத பங்கை அவர் பொதுவாகக் கைமாற்ற இயலாது. ஏனைய உரித்தாளிகளின் எழுத்து மூலமான இசைவைப் பெறுவதே பாதுகாப்பு. மீன்பிடிப் படகாயின், 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின்கீழ் அது பதியப்பட்டிருக்க வேண்டுமாதலால், கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தில் பெயரை ஒப்பிட்டுப் பார்ப்பதோடு, உல்லாசப் பயணத்துக்கோ குடியிருப்புக்கோ அதனைப் பயன்படுத்தலாமா என்பதையும் எழுத்திலேயே கேட்டறிய வேண்டும். 1974 இல் வரையறுக்கப்பட்ட இந்திய இலங்கைக் கடல் எல்லை தொலைவில் இல்லாத இக்கடலில், பதிவுப் பத்திரமில்லாத கலம் காற்றில் இழுபட்டுச் சென்றால் அதன் சொந்தக்காரருக்கு நேரக்கூடிய இன்னல் சிறிதன்று.

கலத்தைக் கரையேற்றிப் பாராமல் விலை பேசுவது தவறு. மரக்கலமாயின், மேற்பலகை நன்றாகத் தோன்றினும் கப்பற்புழு உள்ளே துளைத்திருக்கலாம் என்பதால், ஏரா எனப்படும் அடிமரத்தையும் வங்குகள் எனப்படும் விலாக்கட்டைகளையும் குத்தூசியால் குத்திப் பார்த்து, பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்றின் நிலையையும் அறிய வேண்டும். கண்ணாடியிழைக் கலத்தில் நீர் ஊறியதால் எழும் கொப்புளங்களும், தட்டும்போது மந்தமாக ஒலிக்கும் மேற்றட்டும், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் மூட்டுகளில் மறைந்திருக்கும் துருவும் கவனத்துக்குரியன. வெயிலில் நைந்த பாய், கிழியும் நாள்வரை உறுதியாகவே தோன்றும். நீரினுள் ஆழமாக அமிழும் அடிப்பாகம் கொண்ட கலம், தீவகத்தைச் சூழ்ந்த ஆழமற்ற கடலில் அடிக்கடி தரைதட்டும். சோழகமும் வாடையும் வீசும் பருவங்களில் அதனை எங்கே பாதுகாப்பாகக் கட்டி வைப்பது என்பதும் வாங்குமுன்னரே தீர்மானிக்கப்பட வேண்டும். கலத்தில் தங்குபவர், சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதையும், கசிந்தால் அடித்தளத்தில் தேங்கி ஒரு தீப்பொறியில் வெடிக்கும் என்பதையும் மறக்கலாகாது.

ஏமாற்றம் நேர்ந்துவிடின் காலம் கடத்தலாகாது. வணிகரிடம் வாங்கிய பொருள் குறித்த முறைப்பாட்டை, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். தனியாரிடையேயான பிணக்கை, 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையிடம் கொண்டு செல்லலாம். வேண்டுமென்றே பொய்யுரைத்துப் பணம் பெற்றிருந்தால் அது தண்டனைச் சட்டக்கோவையின்கீழ் ஏமாற்றுதல் என்னும் குற்றமாகலாம் என்பதால் பொலிஸ் முறைப்பாடும் பொருந்தும். சட்டத்தரணிக்குக் கட்டணம் செலுத்த இயலாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். இவ்விடங்கள் எதற்குச் செல்வதாயினும் ஒப்பமிட்ட பற்றுச்சீட்டும், குறைகளைக் காட்டும் ஒளிப்படங்களும், திகதியிட்ட ஆய்வறிக்கையும் கையில் இருக்கட்டும்.