கண்ணாடிச் சீட்டை வைத்து லென்ஸ் வாங்கலாமா?

நாகர்கோவிலில் கண் சோதித்து வாங்கிய சீட்டில் மைனஸ் 6 என்று எழுதியிருக்கிறது. கல்யாணம் நெருங்குகிறது, போட்டோவில் கண்ணாடி தெரிய வேண்டாம் என்று அதே எண்ணைக் கொடுத்து இணையத்தில் கான்டாக்ட் லென்ஸ் வரவழைக்கிறார்கள். எண்ணில் பிழை இல்லை. ஆனால் அது மூக்கின் மேல் உட்காரும் கண்ணாடிக்கு எழுதிய எண்.

கண்ணாடி கருவிழிக்குச் சுமார் 12 மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது. லென்ஸ் கண்ணீர்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்த இடைவெளி போனதும் பவர் மாறிவிடும். கண்ணாடியில் மைனஸ் 6 என்றால் லென்ஸில் ஏறக்குறைய 5.6 போதும், கடையில் கிடைப்பது 5.5 அல்லது 5.75. ப்ளஸ் பவருக்கு இது தலைகீழ்: ப்ளஸ் 6 போடுபவருக்கு 6.5 வேண்டும். பவர் 4-க்குக் கீழே இருந்தால் வித்தியாசம் கால் பவர்கூட வராது. மைனஸ் 2 உள்ள ஒருவர் “கண்ணாடிச் சீட்டை வைத்தே வாங்கினேன், நன்றாகத் தெரிகிறது” என்பது அதனால்தான். அதை நம்பி மைனஸ் 7 உள்ள தம்பியும் வாங்கினால் படிக்கும்போது தலைவலிதான் மிஞ்சும்.

பவரைவிட எனக்குக் கவலை தருவது அளவு. லென்ஸ் சீட்டில் உள்வளைவு 8.4, 8.6 என்றும், விட்டம் 14 மில்லிமீட்டர் அளவிலும் எழுதுவார்கள். கண்ணாடிக்கு இவை தேவையே இல்லை. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. வேண்டிய ஆக்சிஜனைக் காற்றிலிருந்தே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. லென்ஸ் இறுக்கமாக இருந்தால் அடியில் கண்ணீர் ஓடாது, கருவிழி வீங்கும். தளர்ந்தால் இமைக்கும்போதெல்லாம் நகரும். ஒரே பவர் என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி வடிவமும் பொருளும் வேறு; அதனால்தான் சீட்டில் பிராண்ட் பெயரும் இருக்கும். சிலிண்டர் பவர் இருந்தால் அதற்கான டோரிக் லென்ஸ் போட்டு, அது கண்ணில் எந்தக் கோணத்தில் நிலைக்கிறது என்று ஸ்லிட் லாம்ப் என்ற கருவியில் பார்க்க வேண்டும். எந்தக் கண்ணாடிச் சீட்டும் இதைச் சொல்லாது.

லென்ஸ் சீட்டைக் கொண்டுபோய்க் கண்ணாடி செய்யவும் முடியாது. இரு கண்மணிகளுக்கும் இடையிலுள்ள தூரம் அதில் இருக்காது.

நம் ஊருக்கென்று சில எச்சரிக்கைகளும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில், முப்பந்தல் காற்றாலைகள் சுழலும் ஆனி ஆடியில், பைக்கில் போகிறவரின் லென்ஸ் சீக்கிரம் உலரும்; முகத்தை மூடும் ஹெல்மெட் அவசியம். திற்பரப்பு அருவியிலும் முட்டம் கடலிலும் ஊர்க் குளத்திலும் இறங்குமுன் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும். தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸோடு சேர்ந்தால் பார்வையையே பறிக்கும். அதே காரணத்தால் கிணற்று நீரிலோ குழாய் நீரிலோ லென்ஸைக் கழுவக் கூடாது. போட்டபடி தூங்கினாலும் தொற்று அபாயம் பல மடங்கு ஏறும்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் லென்ஸை உடனே கழற்றுங்கள். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு போட வேண்டாம். அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கோ திருநெல்வேலி அரவிந்துக்கோ போங்கள். கழற்றிய லென்ஸையும் அதன் டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க அவை உதவும்.