போகும் திகதியைச் சொன்னால் விலை போச்சு!

சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு வேறு ஊருக்கு மாற வேண்டி வந்ததால், இருந்த வீட்டை விற்கப் போட்டேன். முதலில் பார்க்க வந்தவர் கூரையையும் பார்க்கவில்லை, கிணற்றையும் பார்க்கவில்லை. "நானா, எப்ப போறீங்க?" என்றுதான் கேட்டார். நானும் வெள்ளை மனதோடு திகதியைச் சொல்லிவிட்டேன். பிறகு அவர் வந்தது நான் புறப்பட ஐந்து நாள் இருக்கும்போதுதான். அன்று அவர் சொன்ன விலைக்கே உறுதி எழுதிக் கொடுத்தேன். அவரைக் குறைசொல்லவும் முடியாது. அவசரக்காரனின் சரக்கை அடிமாட்டு விலைக்கு வாங்காத வியாபாரி நம்மில் எத்தனை பேர்?

இந்த நெருக்கடி வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வருவது அமெரிக்க இராணுவக் குடும்பங்களுக்கு. அங்கே ஒரு படைவீரரை வழக்கமாக இரண்டு முதல் நான்கு வருடங்களுக்கு ஒருமுறை வேறு தளத்துக்கு மாற்றிவிடுவார்கள். கட்டளையில் திகதி போட்டிருக்கும். வீடு விற்கவில்லை என்று காரணம் சொல்ல முடியாது. பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையை ஒட்டிக் கோடையில்தான் இடமாற்றங்கள் அதிகம். டெக்ஸாஸில் போர்ட் ஹூட் தளத்தை அண்டிய கில்லீன் போன்ற ஊரில், போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே பருவத்தில் குவிவார்கள். ஆகவே கட்டளை கைக்கு வந்த கிழமையிலேயே வீட்டைச் சந்தைக்கு விடுபவருக்குப் புதிதாக வரும் படைவீரரே வாடிக்கையாளர். பிந்தியவருக்கு மிஞ்சுவது காசோடு சுற்றும் வியாபாரிகள்.

இந்தக் காசு வியாபாரிகள் ஓரிரு கிழமையில் கணக்கை முடித்துவிடுவார்கள். வங்கிக் கடனில் வாங்குபவருக்கோ ஒப்பந்தத்துக்குப் பின்னும் 30 முதல் 45 நாள் தேவை. ஆனால் அவர்களிடையே 70 வீதம் என்றொரு வாய்ப்பாடு உண்டு. திருத்தி முடித்தால் 300,000 டொலர் பெறக்கூடிய வீட்டை 210,000 ஆக எடுத்து, அதிலும் திருத்தச் செலவைக் கழித்துத்தான் விலை சொல்வார்கள். இப்போது மறுபக்கம் பாருங்கள். பூட்டிய வீட்டுக்குக் கடன் தவணை, வரி, காப்புறுதி எல்லாம் மாதம் 2,000 டொலர் என்று வைத்தால், மூன்று மாதம் காத்திருக்க 6,000 தான். அவசரத்துக்குக் கொடுக்கும் விலை 90,000! ஒரு விடயம் மட்டும் கவனம். வீடு 30 அல்லது 60 நாளுக்கு மேல் வெறுமையாகக் கிடந்தால் பல காப்புறுதிகள் நட்டஈட்டைக் குறைத்துவிடும். முன்கூட்டியே கம்பனியோடு பேசி வைக்க வேண்டும்.

அப்படியானால் ஆள் போன பிறகு கையெழுத்துப் போடுவது யார்? அதற்குத்தான் அற்றோணித் தத்துவம். இந்த ஒரு வீட்டை விற்பதற்கு மட்டும் என்று எல்லை போட்டு எழுதுவார்கள். படைத்தளத்துச் சட்ட உதவி அலுவலகத்தில் இது இலவசம். கணவன் போய்விட, மனைவி தங்கியிருந்து விற்று முடிப்பது அங்கே சாதாரணம். எனக்கு இது அன்று தோன்றவேயில்லை. நம்பிக்கையான மச்சான் ஊரில் இருந்தும் நானே நின்று கையெழுத்துப் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

அடுத்தது அவர்களுடைய வீட்டுக் கடன். 1944 இல் வந்த சட்டத்தின் கீழ் அரசு பிணை நிற்கும் இந்தக் கடனை, வாங்குபவரின் பெயருக்கு அப்படியே மாற்றலாம். வட்டிக் கடனென்று நம்மவர் முகம் சுளிப்பது நியாயம். நான் அதைச் சிபாரிசு செய்யவில்லை, விற்பனைச் சூட்சுமத்தை மட்டும் சொல்கிறேன். 2021 இல் 2.75 வீதத்துக்கு 250,000 டொலரை 30 வருடத்துக்கு எடுத்தவரின் மாதத் தவணை சுமார் 1,020 டொலர். அதே தொகையைப் புதிதாக 7 வீதத்துக்கு எடுத்தால் 1,660. மாதம் 640 மிச்சமென்றால் வாங்குபவர் விலையில் அதிகம் பேரம் பேசமாட்டார். ஆனால் வீட்டு விலைக்கும் கடன் மீதிக்கும் இடைப்பட்ட தொகையை அவர் கையிலிருந்து கட்ட வேண்டும். வங்கி அனுமதிக்கும் நாள் பிடிக்கும். விற்பவர் தன்னைப் பொறுப்பிலிருந்து விடுவித்ததாக எழுத்தில் வாங்காவிட்டால், புதியவர் தவணை தவறும்போது பழையவரைத்தான் தேடுவார்கள். வாங்கியவர் முன்னாள் படைவீரராக இருந்து தன் சொந்தச் சலுகையை ஈடாக வைக்காவிட்டால், விற்றவரின் கடன் சலுகையும் அந்த வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும்.

ஒன்றும் சரிவராவிட்டால் வாடகைக்கு விட்டுப் போகலாம். சொந்த வீட்டை விற்ற இலாபத்தில் தனி ஆளுக்கு 250,000, தம்பதிக்கு 500,000 டொலர் வரை அங்கே வரியில்லை. விற்பதற்கு முந்திய ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது அந்த வீட்டில் குடியிருந்திருக்க வேண்டும். ஆனால் 50 மைலுக்கு அப்பால் நீண்ட கடமைக்குப் போகும் படைவீரருக்கு, அந்த ஐந்து வருடக் கணக்கைப் பத்து வருடம் வரை நிறுத்தி வைக்க 2003 இல் சட்டம் இடம்கொடுத்தது. ஆகவே சந்தை மந்தமாக இருக்கும் வருடத்தில் அவர் விற்றே ஆகவேண்டிய கட்டாயமில்லை. வாடகைக்காரரை வைத்துக்கொண்டு நல்ல விலை வரும்வரை பார்த்திருக்கலாம்.