ஆறு அறை, ஐந்து தோட்டா

தமிழ் ரசிகருக்கும் கௌபாய் அந்நியரல்ல; கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த கௌபாய் படம் ‘கங்கா’ 1972இலேயே வந்துவிட்டது. திரை நாயகன் துப்பாக்கியை இஷ்டம்போல் சுழற்றலாம். அதே வேடமிட்டு இலக்கைச் சுடும் போட்டிகளுக்காக அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய சங்கத்தின் விதிகள் வேறு.

ரிவால்வரில் ஆறு அறை இருந்தாலும் ஐந்தில்தான் தோட்டா. 1873ஆம் ஆண்டு கோல்ட் நிறுவன ரகத்தில், மடங்கிய சுத்தியலின் ஊசி தோட்டாவின் அடியிலேயே உட்காரும்; கீழே விழுந்து அடிபட்டால் வெடித்துவிடும். ஆகவே சுத்தியலுக்கு நேரே காலி அறை. எத்தனை உயிர்களைக் காத்திருக்கும் ஏற்பாடு!

இடுப்பு உறை செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேல் சாயக்கூடாது. குழல் பக்கத்தில் நிற்பவரை நோக்கிவிடக் கூடாதே. உள்ளங்கையால் சுத்தியலைத் தட்டித்தட்டிச் சுடவும் தடை.

தோட்டாவுள்ள துப்பாக்கியைக் கைதவறவிட்டால், முழுப் போட்டியிலிருந்தும் வெளியேற்றம்.